முன்னறைப் பால்வாடி

பால்வாடி ஆபீஸ் சகாயம்மாளுக்குத் தரவேண்டிய வாடகை நானூற்று ஐம்பத்தைந்து ரூபாய். மண்ணூர்பேட்டையில் தன் வீட்டு முன்னறையைப் பதின்மூன்று மாதமாகப் பால்வாடிக்கு விட்டு, எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்குச் சோறூட்டித் தூங்கவைத்ததும் அவள்தான். "ஆயா வேலை உனக்குத்தான்" என்று சூப்பர்வைசர் தாட்சாயிணி சொல்லியிருந்ததால், வாடகையைக் கேட்கவேயில்லை.

அன்று தாட்சாயிணி பணத்தோடு வந்தாள். "சொந்தக் கட்டடம் வந்தாச்சு. நாளையிலேர்ந்து பசங்க அங்கதான்."

"நான் எத்தினி மணிக்கு வரணும் மேடம்?"

"ஆயா போட்டாச்சு. எங்க நாத்தனார் பொண்ணு. வாடகை வாங்கிட்டேன்னு இதுல கையெழுத்துப் போடு."

"நான் வாடகையா கேட்டேன்? வேலைய நம்பிக்கினுதானே கெடந்தேன்!"

தாட்சாயிணி பேனாவை நீட்டினாள். உள்ளே ஒரு குழந்தை "ஆயா" என்று சிணுங்கியது. சகாயம்மாள் அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டியபடியே, மறு கையால் கையெழுத்துப் போட்டாள். பாக்கி தீர்ந்தது.