தாய்லாந்து மாணவி

பள்ளிக்கூட விழாக்களுக்குச் சாமான் விற்கும் நாகர்கோவில் கடையிலிருந்து ஆறு நாட்டுக் கொடிகள் வந்திருந்தன. ஜாஸ்பின் பெட்டியைப் பிரித்து மேசைமேல் பரப்பினாள். எது எந்த நாடு என்று அவளுக்கே தெரியவில்லை. கைபேசியில் தேடித்தான் கண்டுபிடித்தாள். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு நடுவே இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் பிரிவு என்று ஓர் அறை உண்டு. அதற்கு ஓர் இயக்குநர் உண்டு, ஜாஸ்பின் என்றொரு தற்காலிக அலுவலர் உண்டு. வெளிநாட்டு மாணவர்தான் இல்லை. தான்சானியாவிலிருந்து வந்த இரண்டு பையன்களும் ஒரே பருவத்தோடு பெங்களூருக்கு மாறிப் போய்விட்டார்கள்.

இயக்குநர் யேசுரத்தினம் சாரைச் சும்மா சொல்லக்கூடாது, கெட்ட மனிதர் இல்லை. நைரோபியில் நடக்கும் கல்விக் கண்காட்சிக்குப் போகிறார். முதுகலைப் படிப்புகளுக்கு ஆள் சேர்க்க வேண்டும். கையோடு கொண்டுபோகப் பளபளப்பான கையேடு ஒன்று வேண்டும், அதில் பல நாட்டு முகங்கள் சிரிக்க வேண்டும். கூட்டம் இல்லாத ஓட்டலில் எவன் போய் உட்காருவான் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கையேடு நல்லபடியாக முடிந்தால் ஜாஸ்பினின் வேலை நிரந்தரம். அதற்கான உத்தரவு அடித்து வந்து அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது, கையெழுத்துதான் பாக்கி. அவள் கண்ணில் படும்படிதான் வைத்திருந்தார். அப்பா சிலுவை, முழங்கால் வலியால் கடலுக்குப் போவதை நிறுத்தியபிறகு இராஜாக்கமங்கலம் வீடு அவளை நம்பித்தான் இருந்தது.

எந்தக் கொடி எந்த முகத்துக்கு என்று சாரே பங்கு வைத்திருந்தார். காஷ்மீர்ப் பையனுக்குத் துருக்கி. படம் நன்றாக வந்தால் சரி என்று சிரித்துக்கொண்டே அவன் வாங்கிக்கொண்டான். காற்றாலை மின்சாரத்தில் எம்.எஸ்சி. படிக்கும் மிசோரம்காரி லால்ரின்புயிக்குத் தாய்லாந்து. அவள் கொடியை வாங்கிப் பார்த்தாள். பிறகு மேசையில் திரும்ப வைத்தாள்.

"சார், எங்க ஊரு இந்தியாவாக்கும்."

விடுதிச் சமையல்கட்டில் இரண்டு வருடமாகக் கற்ற தமிழ் அது. பக்கத்துத் தோவாளை ஊர்க்காரி பேசுவதுபோலவே இருக்கும். சார் சிரித்தார். தெரியும் மக்கா, ஒரு படத்துக்குத்தானே, உன் முகத்துக்குப் பொருந்தும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் ஜாஸ்பினுக்குப் பொறுக்கவில்லை.

லால்ரின்புயி குரலை உயர்த்தவில்லை. "டெல்லில எறங்கினா எந்த நாடுன்னு கேக்காவ. சென்னையிலயும் கேக்காவ. இங்க ரெண்டு வருசமா ஒருத்தரும் கேக்கல்ல. மெஸ்ஸு அக்காமாரு சாப்பிட்டியான்னுதான் கேட்டாவ. நான் இதப் பிடிக்க மாட்டேன் சார்."

ஜாஸ்பின் சென்னையில் வேலை பார்த்த நாட்களில் அவள் வாயைத் திறந்ததும் "நீங்க மலையாளியா?" என்பார்கள். திருவனந்தபுரத்துக்குப் போனால், தமிழச்சி என்ற இளக்காரத்தோடு பாண்டிக்காரி என்பார்கள். சொந்த மாநிலத்துக்குள்ளேயே நான் உங்கள் ஆள்தான் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிச் சலித்து, கடைசியில் தன் ஊர்ப் பேச்சின் 'ஆக்கும்' எல்லாவற்றையும் விழுங்கப் பழகியிருந்தாள். அவள் விழுங்கியதை எங்கோ மலையில் பிறந்த ஒருத்தி கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறாள். ஜாஸ்பினுக்கு வெட்கமாக இருந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

சார் வற்புறுத்தவில்லை. லால்ரின்புயி போகும்வரை காத்திருந்து, போன வருடக் கலைவிழாவில் அவள் ஊர் உடை உடுத்தி எடுத்த படம் கிடக்குமே, அதைப் போட்டுக் கீழே தாய்லாந்து என்று எழுதிவிடு என்றார்.

"அவ வேண்டாம்னு சொன்னா, சார்."

"கொடி பிடிக்கத்தானே மக்கா வேண்டாம்னா."

ஜாஸ்பின் படத்தைத் தேடி எடுத்தாள். கீழே தாய்லாந்து என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். ஒரு சொல்தான், நைரோபியில் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? வீட்டை நினைத்தாள், அப்பாவின் முழங்காலை நினைத்தாள். நினைக்க நினைக்கப் பயம் வருவதற்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது. ஒரு பெண்ணின் ஊரைப் பிடுங்கிக் கொடுத்துத்தான் தன் வேலை நிற்க வேண்டுமென்றால், அந்த வேலை எதற்கு?

எழுந்து ஆய்வகத்துக்குப் போனாள். சார் சொன்னதை ஒளிக்காமல் லால்ரின்புயியிடம் சொன்னாள். உன் படத்தை உன் பேரோடும் ஊரோடும் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"போடுங்க அக்கா. ஆனா தலைநகரு ஐஸ்வால்னு போடாண்டாம். எங்க ஊரு லுங்லேயாக்கும்."

ஜாஸ்பின் திரும்பி வந்து கொடிகளை எல்லாம் கையேட்டுப் பக்கத்திலிருந்து நீக்கினாள். காஷ்மீர்ப் பையனையும் காஷ்மீருக்கே அனுப்பினாள். லுங்லே, மிசோரம் என்று எழுதினாள். மேலே கொட்டை எழுத்தில், எங்களிடம் இப்போது வெளிநாட்டு மாணவர் யாரும் இல்லை, இனி வரும் முதல் ஆளாக நீங்கள் வாருங்கள் என்று போட்டாள். காற்றைப் படிக்க வேண்டுமென்றால் காற்றடிக்கும் இடத்துக்கு வாருங்கள் என்று அதற்குக் கீழே ஒரு வரி. சாரிடம் காட்டவில்லை. அச்சகத்திலிருந்து ஆபேல் கூப்பிட்டு, யாரும் இல்லை என்று வந்திருக்கிறதே, தவறி விழுந்த வரியா என்று சந்தேகம் கேட்டார். தவறில்லை, அடியுங்கள் என்றாள்.

சார் விமானம் ஏறும் நாளில்தான் கட்டுகள் வந்து இறங்கின. ஒன்றை உருவி நின்றபடியே படித்தார். படித்த பக்கத்தையே மறுபடி படித்தார்.

"யாரைக் கேட்டு இதச் செய்தே?"

"லால்ரின்புயியக் கேட்டு, சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்றார். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார், குரல் பாதியில் இறங்கிவிட்டது. ஜாஸ்பின் கையைக் கட்டவில்லை, தலையைக் குனியவில்லை. வாய் தானாகப் பேசியது.

"சிரிக்கட்டும் சார். பொய்யின்னு யாரும் சொல்ல மாட்டாவ. நம்ம ஊரு பேச்சுல ஒண்ணு சொல்லுகேன், இது நல்ல கையேடாக்கும்."

வெளியே வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் பொன்னுலிங்கம் உள்ளே வந்து, திருவனந்தபுரம் ரோட்டில் நெரிசல் என்று அவசரப்படுத்திக்கொண்டே கைக்கு ஒரு கட்டாகத் தூக்கினார்.

"சார், இத வண்டில ஏத்தவா?"

யேசுரத்தினம் சார் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த உத்தரவைப் பார்த்தார். ஜாஸ்பினும் அதைத்தான் பார்த்தாள். கட்டியிருந்த சணல் கயிறு விரல்களில் அழுந்த, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி பொன்னுலிங்கம் கட்டுகளைக் கீழேயும் வைக்காமல் வாசலில் நின்றார்.