பார்க்கலாம், தொடக்கூடாது

புயலுக்குப் பிறகு வெங்காயத்தாள் விலை இரு மடங்கான வாரத்தில், ஜோங்ஹே பகுதியில் எங்கள் கட்டடத்து ஐந்தாம் மாடியில் வசிக்கும் ஹுய்-சின் அம்மாளுக்குத் தன் வீட்டில் எந்தப் பொருளையும் தொட முடியாமல் போயிற்று. காலையில் குக்கர் மூடியைத் திறக்கப் போனார். டிவிக்குள் தெரிகிற பாத்திரத்தைத் தொட்டதுபோல விரல் வழுக்கியது. துடைப்பம், கரண்டி, வாஷிங் மெஷின் பொத்தான் எல்லாம் அப்படியே. கணவர் ஜியெனுக்கு மட்டும் எல்லாம் வழக்கம்போல் கையில் அகப்பட்டன. அவர் எடுத்துக் கொடுத்தால் கிண்ணம் அம்மாளின் கையில் நின்றது. கீழே வைத்தால் மறுபடி வழுக்கியது. வாசலைத் தாண்டினால் ஒரு குறையும் இல்லை. பூங்காவில் அன்றும் விசிறி நடனம் ஆடிவிட்டு வந்தார்.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் மாலைதான் ஜியென் வரவேற்பறையில் சேமிப்புப் பெட்டியை நிறுவியிருந்தார். கணினி உதிரிபாக ஆலையில் துணைப் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் ஆலைக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது. நான்கு ஹார்ட் டிஸ்க் செருகிய கறுப்புப் பெட்டி. படம், தொடர், பாட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். எந்த அறையிலிருந்தும் வைஃபையில் பார்க்கலாம். இந்த ஒரு சங்கதியை மனைவியை சோபாவில் உட்காரவைத்து, சுவரில் ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டு விளக்கினார். பழைய டிஸ்க்கில் தன் தொடருக்கு இடம் போதாமல் அவருடைய பிரிவு உபசார உரையை அழித்தவர் ஹுய்-சின். ஆகவே உரிமைகளைப் பிரித்தார். தாம் அட்மின், முழு உரிமை. மற்ற உறுப்பினர்கள் அனைவருக்கும், அதாவது ஹுய்-சினுக்கு, பார்க்கலாம், தொடக்கூடாது. எந்த இடத்துக்கு என்று பெட்டி கேட்டது. 'வீடு முழுவதும்' என்று போட்டார். ஆலையில் ஒவ்வோர் இயந்திரத்தின் தலையிலும் இருந்ததுபோல, சொன்ன பேச்சைப் பெட்டி கேட்கும் என்ற நம்பிக்கையில் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றையும் அதன்மேல் வைத்தார்.

முதல் சில நாட்கள் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தான் அசைக்காமல் ஒரு ஸ்பூன்கூட அசையாத பிரிவு எந்த அதிகாரிக்கு வாய்த்திருக்கிறது? லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட எங்களுக்கெல்லாம் விளக்கினார். அப்புறம்தான் பூண்டு உரிப்பதும் கழிப்பறை கழுவுவதும் முழு உரிமையில் அடக்கம் என்று தெரிந்தது. ஹுய்-சினின் கையில் வழுக்காமல் நின்றது டிவி ரிமோட் ஒன்றுதான், அது பார்ப்பதற்கானது. மாலையில் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்குள் திரும்பியபோது, ஒரு கையில் பையும் மறு கையில் மிச்ச உணவு வாளியுமாக ஜியென் ஓடி வருவதைக் கட்டடமே பார்த்தது. "என்ன சார், வண்டிய ஆய்வு பண்ண வந்தீங்களா?" என்றார் கீழ்வீட்டு அத்தை.

பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் செய்தார்.

"மேல பொட்டலம் வச்சீங்களா சார்?" என்றது மறுமுனைக் குரல்.

"வச்சேன்."

"பச்சைதானே? தேதி முடிஞ்சிடலையே?"

"பச்சைதான். அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு."

"அப்ப பெட்டி மேல தப்பில்ல சார். நீங்க சொன்னத அப்படியே கேக்குது. உரிமையக் குடுத்துடுங்க, அவங்க ஏத்துக்கிட்டாப் போதும்."

கொடுத்தார். ஹுய்-சின் பார்த்துக்கொண்டிருந்த தொடரின் நடுவே டிவியில் எழுத்து வந்தது: 'உங்களுக்கு வீடு முழுவதும் முழு உரிமை வழங்கப்படுகிறது. ஏற்கிறேன். பிறகு நினைவூட்டு.' அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நினைவூட்டு என்பதை அழுத்தினார். மறுநாள் காலையும் எழுத்து வந்தது, அப்போதும் அதையே அழுத்தினார்.

இப்படியே சந்திரப் புத்தாண்டு நெருங்கியது. அந்த இரவு விருந்துக்கு வருஷா வருஷம் ஜியெனின் அண்ணன் குடும்பம் வரும். அண்ணன் முழுப் பிரிவுத் தலைவராகவே ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பதைவிட ஐந்தாம் மாடியிலிருந்து குதிக்கலாம் என்று ஜியென் நினைத்தார்.

"ஒரே ஒரு நாள், ஹுய்-சின். ஏத்துக்கிட்டா என்ன?"

"கல்யாணமான வருஷம் உங்கம்மாவும் இதத்தான் சொன்னாங்க. இந்த ஒரு தடவ மட்டும் நீயே சமைச்சிடும்மான்னு."

"அண்ணன் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். அதுக்கு அட்மின்கிட்டயா உரிமை கேக்கணும்?"

"மீன் எனக்கு வேக வைக்கத் தெரியாதே."

"நான் எதுக்கு இருக்கேன்? பாக்கலாம்னு நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க. பாத்துப் பாத்துச் சொல்றேன்."

சொன்னார். சமையலறை வாசலில் நாற்காலி போடச் செய்து உட்கார்ந்து, இஞ்சியின் பருமன் முதல் தீயின் அளவு வரை சொன்னார். ஜியென் ஏப்ரனோடு மீனைக் கொண்டுவந்து வைத்தார். வருஷம் முழுக்க வீட்டில் மிச்சம் இருக்கட்டும் என்று புத்தாண்டு மீனை மிச்சம் வைப்பது வழக்கம். அந்த வருஷம் யாரும் ஞாபகப்படுத்தாமலே மிச்சமாயிற்று. அண்ணன் கடைசியாகச் சூப் வரும்வரை சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. பெட்டி என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

எங்கள் ஊரில் தந்தையர் தினம் ஆகஸ்டில். அந்த வருஷம் அதற்கு எங்கள் கட்டடத்தில் பெரும்பாலான வீடுகளுக்குக் கறுப்புப் பெட்டி பரிசாக வந்தது, பச்சைப் பொட்டலமும் சேர்த்து. ஜியெனின் கதி எங்களுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும், அட்மின் யார் என்று பெட்டி கேட்டபோது எங்களில் ஒருவர்கூட மனைவியின் பெயரைப் போடவில்லை.

அதற்கப்புறம் வெங்காயத்தாள் விலை பல புயல்களுக்கு ஏறி இறங்கிவிட்டது. டிவியில் இன்னும் தினமும் காலையில் எழுத்து வருகிறது. ஹுய்-சின் அம்மாள் பார்க்காமலே அழுத்துகிறார். ஜியெனின் மீன் இப்போது மிச்சமாவதில்லை, வழக்கத்துக்காக முதலிலேயே கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பொட்டலத்தின் தேதி முடியும் முன் அவரே போய்ப் புதிது வாங்கி வைக்கிறார். மாலையில் பாட்டுக் கேட்டதும் பையும் வாளியுமாக இறங்கி, தெருமுனையில் வண்டிக்காக வரிசையில் நிற்கிறோம். எல்லாரும் அட்மின்கள்.