முதலில் இரைமீன்

11 மார்ச் 2026, புதன்

இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். மீன்வளர்ப்பு மாலை வகுப்பில் குளத் திட்டத்தை வாசித்துக் காட்டினேன். '2028 ஜூன், முதல் தூண்டில்' என்ற வரிக்கு எதிரே 'அண்ணை' என்று எழுதியிருந்தேன். வாசித்த பிறகுதான் கவனித்தேன். மருத்துவர்கள் அவருக்கு இந்தக் கோடையையே உறுதியாகச் சொல்லவில்லை.

குளம் அண்ணையின் தூண்டில் சங்கத்துடையது. தூர் வாரியதால் இப்போது ஒரு மீனும் இல்லை. அதில் பேர்ச் மீன் வளர்க்க வேண்டும் என்று சங்கத்தைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். பேர்ச் மற்ற மீன்களைத் தின்னும். ஆகவே முதலில் இரைமீன் விட வேண்டும். சிறு மீன்களில் மினோவுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், அதைத் தவிர்த்துவிட்டேன். ரோச் நிறைய முட்டையிடும். ரட் புல்லோரத்தில் ஒளிந்து தப்பும். இரண்டையும் இந்த வசந்தத்தில் விட்டு, குஞ்சுகள் பெருகிய பின், அடுத்த வருடம் பேர்ச். இதுதான் சரியான முறை.

பஸ்ஸில் வரும்போது இன்னொரு தாளில் வேறு திட்டம் போட்டேன். வீட்டில் அண்ணையின் கட்டிலருகே இரண்டு தாளையும் வைத்தேன்.

"இதென்ன ரெண்டாவது தாள்?"

"வளர்ந்த பேர்ச்சையும் இந்த மாசமே விட்டா, ஜூனிலை நீங்கள் பிடிக்கலாம்."

"அதுகள் என்னத்தைத் தின்னும்?"

"ரோச்சை."

"முட்டை போட முந்தியோ?"

"ஓம்."

"பிறகு குளத்திலை என்ன இருக்கும்?"

அந்தத் தாளை மடித்தேன்.

"பின்னேர வகுப்புக்குப் போய் இதையோடி படிச்சனி?" சிரித்தார். சிரிப்பு இருமலானது. தண்ணீர் கொடுத்தேன். விமானம் ஒன்று கூரைக்கு மேலே போய் முடிந்த பிறகு கேட்டார்.

"ரோச் எப்ப முட்டை போடும்?"

"மே மாசம்."

போர்வைக்கு மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மூன்றாவது விரலில் நிறுத்தினார்.

"மே எண்டால் சிலவேளை ஏலும். என்னை ஒருக்கா கூட்டிக்கொண்டு போ, குஞ்சுகளைப் பாப்பம். பேர்ச்சை வாற வருசம் நீ விடு. பெரிசு ஏதும் பிடிச்சா எனக்குப் படம் அனுப்பாதை. எரிச்சல் வரும்."

"அண்ணை!"

"சரி, சரி. அந்த 2028இலை உன்ர பேரை எழுது."

எழுதுகிறேன் என்றேன். இரண்டாவது தாளைக் கிழித்துவிட்டேன். முதல் தாளில் அவர் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. பேனாவை இரண்டு தடவை எடுத்தேன். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. குளத்துக்குச் சரி.

நாளை: காலை ஒன்பது மணிக்கு மீன் பண்ணைக்குப் போன் எடுக்க வேண்டும். ரோச் முந்நூறு, ரட் நூறு. பேர்ச் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.