தலைமைக் காவலரின் நாவல்

மங்களேஸ்வரியின் வீட்டு வாசலில் காக்கி உடுப்போடு ஒரு பெண் வந்து ஸ்கூட்டியை நிறுத்தியபோது எதிர்வரிசையில் நாலு ஜன்னல்கள் திறந்தன. தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கு விஷயம் என்னவென்று தெரியாமல் சோறு இறங்காது. வந்தவர் ஸ்கூட்டியின் இருக்கையைத் தூக்கி உள்ளேயிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். பைக்குள் முந்நூற்றுப் பத்துப் பக்கங்கள் இருந்தன.

"நாவல் எழுதியிருக்கேன் மேடம். நீங்க பாத்துத் திருத்திக் குடுப்பியன்னு சொன்னாவ."

அவர் பெயர் உமாராணி. சொந்த ஊர் வாசுதேவநல்லூர். குற்றாலத்தில் தலைமைக் காவலர். சீசன் வந்துவிட்டால் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில்தான் பணி. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பதில் வராமல், சொந்தமாகவே அச்சடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அச்சுக்குப் போகும் முன்னால், எழுத்து தெரிந்த ஒருவர் கண்ணில் பட வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

மங்களேஸ்வரி சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பன்னிரண்டு வருஷம் எடிட்டராக இருந்தவள். கணவர் ஜெகதீஸ்வரனுக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஆறு வருஷமாக வீட்டிலிருந்தே, சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்களுக்கு எடிட் செய்து கொடுக்கிறாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எடிட்டிங் என்றால் சந்திப்பிழை பார்ப்பது. ஒரு பத்தியை எடுத்துவிடலாம் என்று சொன்னால், பெற்ற பிள்ளையைக் கைநீட்டி அடித்தது போலப் பார்ப்பார்கள். அதனால் அவளும் பல சமயம் 'க்', 'ச்' போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள்.

உமாராணியின் நாவலை அப்படி விட முடியவில்லை. அருவியில் குளிக்க வந்த ஒரு பெண்ணின் தாலி தண்ணீரில் போய்விடுகிறது. வடிகால் வலையில் சிக்கியதை ஒரு பெண் போலீஸ் கண்டெடுத்து, உரியவளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்தப் பெண்ணோ, 'இது என்னுடையது இல்லை' என்று கதவைச் சாத்திவிடுகிறாள். முதல் நூறு பக்கத்தைப் படித்து நிமிர்ந்தபோது, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று மங்களேஸ்வரிக்குத் தெரியவில்லை. அன்று ஜெகதீஸ்வரன் பருப்பைக் கஞ்சியாகக் குடித்தார்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் பிடித்தது சனி. கதையில் வரும் போலீஸ்காரி பேச ஆரம்பித்தாள். பெண் விடுதலை, சமுதாயம், சட்டம் என்று நூற்றுப் பத்துப் பக்கம் பேசினாள். மங்களேஸ்வரி சிவப்புப் பேனாவை எடுத்தாள். பேச்சையெல்லாம் அடித்துக்கொண்டே போன கை, வேகத்தில் வேறொரு சின்னப் பத்தியையும் அடித்தது. அருவிக்குள் நின்று அழுதால் பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடக் கேட்காது, அதற்காகவே பஸ் ஏறி வருகிற பெண்கள் உண்டு என்று எழுதியிருந்த பத்தி. ஓரத்தில் 'மிகை. சினிமாத்தனம்' என்று குறித்துவைத்தாள்.

உமாராணி வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிவப்பு கூடக் கூட அவர் முகம் சுருங்கியது.

"என் பேச்ச ஸ்டேஷன்லயும் கேக்க மாட்டாவ, வீட்லயும் கேக்க மாட்டாவ. புஸ்தகத்துலயும் வெட்டிப்புட்டா நான் எங்கன போயிப் பேசுவேன் மேடம்?"

மங்களேஸ்வரி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். கதையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, அதற்கு மேல் பேசினால் படிக்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்று பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னாள். உமாராணி தலையாட்டினார், ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பிறகு அந்தச் சின்னப் பத்தியின் மேல் விரலை வைத்தார்.

"மத்தத என்னமும் செய்யுங்க. இத அடிச்சிருக்கக் கூடாது. நீங்க கடேசியா எப்பம் அருவியில குளிச்சிய?"

மங்களேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். தென்காசிக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் குளித்ததில்லை. விருந்தாளிகள் வந்தால் அழைத்துக்கொண்டு போவாள். அவர்கள் குளித்து முடிக்கிற வரைக்கும் கரையில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பாள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உமாராணி பக்கங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

ஒரு மாதம் போனது. இரண்டு தடவை போன் செய்தும் உமாராணி எடுக்கவில்லை. இப்படிப் போனவர்கள் முன்னாலும் உண்டு. அவர்களை மங்களேஸ்வரி ஒரு வாரத்தில் மறந்திருக்கிறாள். இந்த நாவலில் அந்தப் பெண் கதவைச் சாத்திய இடம் மட்டும், காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வந்து வந்து நின்றது.

ஜூலையில் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை காலையில் மாற்றுச் சேலையை ஒரு கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ் ஏறித் தனியாகக் குற்றாலத்துக்குப் போனாள். கூட்டம் அதிகமில்லை. பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தாள். கொஞ்ச தூரத்தில் உமாராணி முழங்கால்வரை நனைந்து நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார், இவளைக் கவனிக்கவில்லை.

தண்ணீர் உச்சந்தலையில் விழுந்ததும் மங்களேஸ்வரிக்கு மூச்சு முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, வாயைத் திறந்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்து மங்களேஸ்வரி அவள் தோளைத் தொட்டாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல், தொட்ட கையை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுகிறாள் என்று தெரிந்தது. ஒரு முழ தூரத்தில் நின்ற இவளுக்கு அதில் ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. விசில் ஊதவும் வரிசை நகர்ந்தது. கையை விட்டுவிட்டு அந்தப் பெண் வெளியே போய், முந்தானையைப் பிழிந்தபடி, பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான் வாங்கடி என்று கூட வந்தவர்களை விரட்டினாள்.

மங்களேஸ்வரி ஈரம் சொட்டச் சொட்ட நேரே உமாராணியிடம் போனாள்.

"அந்தப் பத்திய நான் அடிச்சது தப்பு உமா. அது அப்படியே இருக்கட்டும்."

உமாராணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல தலையத் துவட்டுங்க. சளி பிடிச்சா யாரு மிச்சத்தத் திருத்துதது?"

பணி முடிந்ததும் இருவரும் ஹைருன் பீவியின் கடைக்குப் போனார்கள். துண்டு, ஷாம்பு, நேந்திரங்காய் சிப்ஸ் விற்கிற கடை. உமாராணிக்கு மழைக்கு ஒதுங்க அதுதான் இடம். கையில் சூடான டீயோடு பேச்சு தொடங்கியது. அந்தப் பத்தி தப்பித்தது. போலீஸ்காரியின் நூற்றுப் பத்துப் பக்கப் பேச்சில் நாலு வாக்கியம் மிஞ்சியது. அந்த நாலுக்கே ஏழு வாரம் ஆனது. ஒரு வார்த்தைக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். மறுநாள் காலையில் உமாராணியே போன் செய்து, "நீங்க சொன்னதுதான் சரி அக்கா" என்றார். மேடம் என்பது எந்த வாரத்தில் அக்கா ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

சிவகாசியிலிருந்து முந்நூறு பிரதி வந்து இறங்கியது. முதல் பிரதியை உமாராணி நேரே மேலகரத்துக்குக் கொண்டுவந்து, உள்பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆசிரியர் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'செம்மையாக்கம்: மங்களேஸ்வரி' என்று இருந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ புத்தகங்கள் அவள் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒன்றில்கூட அவள் பெயர் வந்ததில்லை. வர வேண்டும் என்று அவள் கேட்டதுமில்லை. சமையலறையில் ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ஹைருன் பீவி புத்தகத்தைத் தன் மருமகளை விட்டு வாசிக்கச் சொல்லி முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் சிப்ஸ் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இருபது பிரதிகளை அடுக்கினார். துண்டு வாங்க வருகிறவர்களிடம், "நம்ம அருவி கதைதான், படிச்சிட்டுச் சொல்லுங்க" என்பார். அப்படி வாங்கிப் போனவர்கள் சிவகங்கையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் உமாராணிக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் உமாராணி அந்த நிமிஷமே மங்களேஸ்வரிக்கு அனுப்பிவைப்பார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் வாசகர்கள் சந்திப்பு வைத்தார்கள். மழை கொட்டியும் பதினாலு பேர் வந்தார்கள். தாலியைப் பற்றி ஒருவர் பேசினார். அருவிக்குள் அழுகிற பத்தியைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். கடைசி வரிசையிலிருந்து முத்துவடிவு என்று ஒரு அம்மா எழுந்தார். வீரகேரளம்புதூரில் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறவர். எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு நூலை வைத்து அடையாளம் பண்ணியிருந்தார்.

"அந்தப் போலீஸ்காரப் பிள்ள, துணி மாத்துத ரூமுக்குப் பொறத்தால ஷூவக் கழட்டிட்டு எலுமிச்சஞ்சோறு தின்னுதுல்லா. காலு ரெண்டும் ஊறிப்போயி வெள்ள வெளேர்னு சுருங்கிக் கெடக்குன்னு எழுதியிருக்கிய. எனக்கு அந்தக் காலுதான் மறக்க மாட்டேங்குது."

உமாராணியும் மங்களேஸ்வரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரே பிரதியில் எண்பத்தேழாம் பக்கத்தைத் தேடினார்கள். மொத்தம் மூன்று வரி. அதை எப்போது எழுதினோம் என்று உமாராணிக்கு ஞாபகமில்லை. ஏழு வாரச் சண்டையில் அந்த மூன்று வரியை மங்களேஸ்வரி ஒரு தடவைகூடத் தொட்டதில்லை; பேனா அதைத் தாண்டிப் போயிருக்கிறது. இதைக்கூடக் கவனிக்காமலா இருந்தோம் என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நல்லவேளை தொடவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்தபோது முத்துவடிவு மேஜைக்கு வந்து இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டார். அவருடைய மகள் திருநெல்வேலியில் டிராபிக் போலீஸாம்.

"வெயில்லயும் மழையிலயும் நிக்கா. கேட்டா, ஒண்ணுமில்லம்மாம்பா. இத அவளுக்கு அனுப்பப் போறேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தாங்க."

உமாராணி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். மங்களேஸ்வரி தயங்கினாள். முத்துவடிவு பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பி, எழுதத் தோதாக விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.