கதவுக்கு ஒரு டிக்கெட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. ஒரு தையல்காரியும் அவள் கணவனும் நீலக் கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கண்டக்டர் கதவுக்கும் டிக்கெட் கேட்டார். "முழு டிக்கெட்டா, அரையா?" என்றாள் அவள். அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். மீதியெல்லாம் என் புளுகு.

2

முதல் தொடக்கம்: 'கடல் தன் நீண்ட கரங்களால் அந்தத் தெருவை...'

வேண்டாம். கடலுக்குக் கை வைத்தால் கதை உருப்படாது.

இரண்டாவது: கடல் தெருவுக்குள் வந்தபோது சுவர் விழுந்தது, கூரை போனது. தையல்காரி மட்டும் கெட்டிக்காரத்தனமாகக் கதவைக் கழற்றிக்கொண்டு மேட்டிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. மேட்டில் தூண்களின் மேல் புது வீடுகள் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தாலும் அடியில் ஓடிவிடும். அதில் ஒன்று கிடைக்க வேண்டுமென்றால், வீடு ஒதுக்கும் ஆபீஸின் இன்ஸ்பெக்டர் பழைய வீட்டுக் கதவை அது இருந்த இடத்திலேயே தட்ட வேண்டும். உள்ளேயிருந்து பதில் வர வேண்டும். பிறகு கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவார். மூன்று தட்டுக்கும் பதில் இல்லையென்றால் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். இன்று கடைசி நாள்.

(குறிப்பு: இந்த விதியை உண்டாக்கியது நான்தான். எந்த ஆபீஸாவது பார்த்துக் காப்பியடித்தால் நான் பொறுப்பல்ல.)

3

ஆகவே, பஸ்ஸில் வந்த கதவை வீடு இருந்த இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான் கணவன். இன்ஸ்பெக்டர் படகில் வந்தார். [இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், மனம் வரவில்லை. படகு ஒத்துக்கொள்ளாத மனிதர், பாவம்.]

"சார், நான் இங்கதான் நிக்கிறேன்," என்றாள் தையல்காரி, கதவுக்குப் பக்கத்திலிருந்து.

"தெரியுதும்மா. உள்ள இருந்து சொல்லணும்."

அவள் கதவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அவர் தட்டினார்.

"யாரு?"

"ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

"வாங்க சார். செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க."

பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவரோ மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றிப் படகில் வைத்துவிட்டு இறங்கினார். காலால் துழாவினார்.

"தரை இருக்கும்மா," என்றார். "வழவழன்னு நல்லா இருக்கு."

"நாங்களே போட்டது சார்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை மாத அழுகையும் மொத்தமாக வந்தது.

4

முடிவு ஒன்று: ஸ்டிக்கர் ஒட்டியது, வீடு கிடைத்தது. அப்படி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஈரக் கதவில் ஸ்டிக்கர் எப்படி ஒட்டும்?

முடிவு இரண்டு: ஒட்டவில்லை. அவர்கள் கதவைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே... மாட்டேன், எழுத மாட்டேன்.

இப்போதைய நிலவரம் இதுதான். "காயட்டும்மா, ஒட்டிட்டுத்தான் போவேன்," என்று இன்ஸ்பெக்டரும் கை கொடுத்திருக்கிறார். மூன்று பேரும் கதவைத் தலைக்கு மேல் வெயிலில் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீர் மார்புக்கு ஏறிவிட்டது. கதவுக்கு நாலு மூலை, ஆள் மூன்று. கதவு ஒரு பக்கமாகச் சாய்கிறது. அன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனவன் நான், எனக்கு வெட்கமாக இருக்கிறது. (நீச்சலும் தெரியாது.)

முடிவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். நீங்கள் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அந்த நாலாவது மூலையைப் பிடியுங்கள்.