அப்பா துப்பியது

மென்றுகொண்டிருந்ததை அப்பா, மகள் கெக் இம்மின் உள்ளங்கையில் துப்பினார். துப்பியதோடு விடாமல், நாக்கையும் அவள் கட்டைவிரலிலேயே வழித்துக்கொண்டார்.

"கழுவல," என்றார். "நாறுது."

சில நாட்களாகப் பஞ்சில் நனைத்த தண்ணீர்தான் அவருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை கண் விழித்தவர், நம் கடை குவே சாப் வேண்டுமென்று பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். காலமெல்லாம் அவரே விற்றது அது. சாற்றில் மிதக்கும் அரிசித் தகடுகளும், பக்கத்தில் சோயாவில் வெந்த பன்றிக்குடலும். இப்போது உணவங்காடியில் கடையைப் பார்க்கும் தம்பி பூன் கியாட் சுடச்சுடப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தான்.

கையில் கிடந்த குடல் துண்டைப் பார்க்கவே கெக் இம்முக்குக் குமட்டியது. எச்சிலைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த வாடையைத்தான் பொறுக்க முடியவில்லை. சோயா, பட்டை, சித்தரத்தை எல்லாவற்றுக்கும் அடியில் சாணி நாற்றம் அடித்தது. கழிவறையில் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுப் போட்டுக் கையைத் தேய்த்தாள். திரும்பி வந்தபோது அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

தொலைபேசி அடித்தது. கடை இரைச்சலுக்கு நடுவே கியாட் கத்தினான்.

"அக்கா, சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"நல்லாருக்குன்னாரு."

ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். சாயங்காலத்துக்குள் அப்பா போய்விட்டார். நடுவில் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, வேறு ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

மறுநாள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டி, படம், ஊதுபத்தி, வட்ட மேசைகள், வேர்க்கடலைத் தட்டுகள். வெள்ளைச் சட்டைக் கையில் துக்க அடையாளமாகச் சாக்குத் துணி குத்திய கியாட், வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னான். "எங்கப்பா என் கையால ஆக்கினதைச் சாப்பிட்டுட்டுத்தான் கண்ணை மூடினாரு." பழைய வாடிக்கைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு முந்தின நாள் பானையையே கொதிக்கவைத்துக் கொண்டுவந்து எல்லாருக்கும் பரிமாறவும் செய்தான்.

அவர்கள் குடலை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்குமா தெரியவில்லை? இல்லை, எழவு வீட்டில் எப்படிச் சொல்வது என்று விழுங்குகிறார்களா? தின்கிறவர்கள் மேல் அருவருப்பு, தின்னக் கொடுக்கிறவன் மேல் அருவருப்பு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன் மேல் அதைவிட அருவருப்பு.

அந்த வாடை அவளுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் பள்ளிவிட்டு வந்தால் கடைப் பின்பக்கம்தான். அப்பா குடலைப் புரட்டி, கொழுப்பை வழித்து, உப்பும் மாவும் போட்டுக் கசக்கி அலசுவார். கடைசியில் அதை அவள் மூக்குக்கு நேரே நீட்டுவார். அப்போது அவர் குடலைப் பார்க்க மாட்டார், அவள் முகத்தைத்தான் பார்ப்பார். முகம் கோணினால் குடல் திரும்பவும் குழாயடிக்குப் போகும். "என் பொண்ணுக்கு நாய் மூக்கு" என்று வாடிக்கைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார். அவள் மேல் அடித்த குடல் வாடைக்கு வகுப்பில் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. கல்யாணமாகிப் போனபின் அவள் அந்தக் குழாயடியை எட்டிப் பார்க்கவில்லை, குடலை வாயில் வைக்கவும் இல்லை.

மதியப் படையலுக்குக் கியாட் ஒரு கிண்ணம் குவே சாப் கொண்டுவந்து படத்தின் முன் வைத்தான். ஊதுபத்தி பாதி எரிந்ததும், சாப்பிட்டாயிற்றா என்று இறந்துபோனவரிடம் கேட்க வேண்டும். இரண்டு நாணயங்களைத் தட்டில் போட்டால் ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழ வேண்டும். அதற்கு ஆயிற்று என்று அர்த்தம், கிண்ணத்தை எடுக்கலாம்.

இரண்டும் தலை.

"மெதுவாத்தானே சாப்பிடுவாரு," என்று கியாட் கொஞ்சம் பொறுத்தான். மறுபடி போட்டான். இரண்டும் பூ. மறுபடியும் பூ. கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பாவின் தங்கை வாயில் கடலையோடு சொன்னாள்: "எங்கண்ணன் உயிரோட இருந்தப்பவே நொட்டை சொல்லாம ஒரு வாய் தின்னதில்ல. செத்துமாடா திருந்தல!"

எல்லாரும் சிரித்தார்கள். கியாட்டும் சிரித்தான். "அப்பா, நேத்து ஆசையாச் சாப்பிட்டீங்களேப்பா. அதே பானைதான்," என்று கெஞ்சிக்கொண்டே போட்டான். இரண்டும் தலை.

கெக் இம்மால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "கியாட், இங்க வா," என்று நாற்காலிகள் அடுக்கியிருந்த தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"அவரு சாப்பிடல. என் கையில துப்பிட்டாரு. கழுவல, நாறுதுன்னாரு. போதுமா?"

"நல்லாருக்குன்னாருன்னு நீதானேக்கா சொன்னே. நான் ஊர் பூரா..."

"பொய் சொன்னேன். நீ ஏன்டா மோந்து பாக்கல? அப்படியேவா பானையில போடுவே?"

கியாட் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு வாசனையே தெரியாதுக்கா. ஊரெல்லாம் பரவுச்சே, அந்தக் காய்ச்சல் வந்து போனதுலேருந்து. மீன் அழுகினாலும் தெரியல, ஊதுபத்தி கொளுத்தினாலும் தெரியல. அப்பா படுக்கிற வரைக்கும் குடலை அவரே மோந்து பாத்துக்கிட்டாரு. அவருகிட்ட இதைச் சொன்னா கடையை மூடுன்னுருப்பாரு."

"அதுக்காக இந்த நாத்தத்தையா ஊருக்கு விப்பே?"

"எனக்கு வேற என்னக்கா தெரியும்?"

அறையலாம் போலிருந்தது அவளுக்கு. "முதல்ல அந்தப் பானையைக் கொட்டு," என்றாள்.

கொட்டினான். படையலுக்குப் புதிதாக ஆக்க வேண்டுமென்று அத்தையிடம் சொல்லிவிட்டு, இருவரும் சாலையைக் கடந்து கடைக்குப் போனார்கள். கியாட் குளிர்ப்பெட்டியிலிருந்து குடலை எடுத்துப் புரட்டி, உப்பும் மாவும் போட்டுக் கசக்கினான். அவள் வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

முதல்முறை நீட்டியபோதே ஓங்கரித்துவிட்டாள். "தூ! தூரப் போ!"

இரண்டாம் முறை, "உள்பக்கம் கொழுப்பு இருக்கு. வழிச்செடு," என்றாள்.

கியாட் வழித்தான், கசக்கினான், நீர் தெளியும்வரை அலசினான். ஈரம் சொட்டச் சொட்ட அதை மறுபடி அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். குடலை அவன் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். ஒரு நாற்றமும் இல்லை. தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான், அப்பா அலசியது போலவே. அழுகையில் உதடு கோணிக்கொண்டது, கண் இடுங்கியது, முகம் முழுக்கச் சுருங்கிப்போனது.

கியாட் குடலை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தான்.