மிசினுக்குப் போர்த்திய மழைக்கோட்டு

ஒரு மணிக்கு வானம் பளிச்சென்றுதான் இருந்தது. எதிர்மலை உச்சியில் மட்டும் தலையணை அளவுக்கு ஒரு மேகம். இரண்டு நிரை தேயிலைக் கொழுந்து வெட்டிவிட்டு பார்பரா நிமிர்ந்தபோது அது கோபுரமாகியிருந்தது. அடி கறுப்பு. உச்சி இன்னும் கொதிக்கும் பாலாய்ப் பொங்கி ஏறியது. காலையெல்லாம் வெயிலில் காய்ந்த சரிவின் சூட்டை அது உறிஞ்சுவதுபோல், காற்று கீழிருந்து மேலே ஓடியது.

"கங்காணி, விசில் ஊதுங்கண்ணே! ரிங்லெட் டவுன் பக்கம் ஒண்ணுமே தெரியல."

"துரைக்கு போன் போகலம்மா. அவரு சொல்லாம ஊதினா என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாரு லா." ராமையா சிரித்தார். இடி விழுந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

விசில் கேட்காமல் இறங்கினால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. யாரும் நகரவில்லை.

மேல்சரிவில் அவள் புருஷன் அம்புரோசும் சுகுமாரனும் ஆளுக்கொரு பக்கம் கொழுந்து வெட்டும் புது மிசினைப் பிடித்திருந்தார்கள். பெரிய பெரிய துளிகள் விழுந்தன. பார்பராவின் கை மயிர் சிலிர்த்து நின்றது. கையிலிருந்த கத்தரி 'ங்ங்' என்று அதிர்ந்தது. வீசி எறிந்தாள்.

"ஏங்க! மிசின போட்டுட்டு ஓடி வாங்க!"

சுகுமாரன் விட்டான் ஓட்டம். "மாப்ள, உசுரு முக்கியம்டா, வா!"

"போடா பயந்தாங்கொள்ளி! இஞ்சின் நனைஞ்சா துரை என்னைய வறுத்துடுவாரு."

அம்புரோஸ் மிசினைப் பதமாக இறக்கி வைத்தான். இடுப்பில் கட்டியிருந்த மழைக்கோட்டை அவிழ்த்து இஞ்சின்மேல் போர்த்தினான். காற்று பறித்துவிடாமல் கோட்டின் இரண்டு கைகளையும் சுற்றி முடிச்சுப் போடக் குனிந்தான்.

மலையே வெள்ளையாய்ப் போனது.

பார்பரா சேற்றில் தவழ்ந்து ஏறினாள். அம்புரோஸ் குப்புறக் கிடந்தான். ஒரு கால் பூட்ஸ் நாலடி தள்ளிக் கிடந்தது. புரட்டிப்போட்டு நெஞ்சை அமுக்கினாள். "ஏங்க... ஏங்க..."

கீழே விசில் நீளமாக ஒலித்தது.

ராமையா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவர் போன் அடித்தது. "துரை... ஆளு அடிபட்டுச்சு துரை. ஆமா, அம்புரோஸ். லோரி அனுப்புங்க..." கேட்டுக்கொண்டே நின்றார். "மிசினா? இருங்க, பாக்கறேன்."

பார்பரா அமுக்குவதை நிறுத்தவில்லை. மழை அம்புரோசின் திறந்த வாயில் நேராக விழுந்தது.

ராமையா அவளைப் பார்க்காமல் கோட்டின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இஞ்சின் காய்ந்தே இருந்தது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது.